வெண்காரமும் விளைகனியும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் சொல்லப்போகும் வரலாற்றில் மன்னர் எவரும் வரமாட்டார். பொற்கொல்லர் பட்டறையில் சிறு சிமிழுக்குள் இருக்கும் வெண்ணிறப் பொடி ஒன்று பழத்தோட்டத்து மண்ணுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே அந்த வரலாறு. அதனை நான் நூல்களைப் படித்து மட்டும் அறியவில்லை. என் பிழையினாலும் அறிந்தேன். மாணவச் செல்வங்கள் அந்தப் பிழையைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் மேட்டூரில் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியின் பின்புறம் அரை ஏக்கர் செம்மண் நிலம் இருந்தது. இரண்டடி தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படும். அந்நிலத்தில் மாணவர்கள் நாற்பது பப்பாளிக் கன்றுகளை நட்டு, காலையும் மாலையும் குடத்தில் நீர் சுமந்து ஊற்றி வளர்த்தார்கள். பழம் விற்று வரும் பணத்தில் பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வாங்குவது என்பது எங்கள் திட்டம்.

மரங்கள் செழித்து வளர்ந்தன, பூத்தன, காய்த்தன. ஆனால் காய் திரளத் திரள எங்கள் முகம் வாடியது. காயின் மேல் மேடும் பள்ளமுமாகப் புடைப்புகள் தோன்றின. தோலில் ஆங்காங்கே பால் கசிந்து உறைந்திருந்தது. அறுத்துப் பார்த்தால் விதைகளில் சில மட்டுமே முற்றியிருந்தன. ஏனையவை சுருங்கிக் கிடந்தன. பூச்சியின் வேலை என்றார் ஒருவர். விதை பழுது என்றார் மற்றொருவர். கண்ணேறு என்று கூறிப் பழஞ்செருப்பைக் கட்டச் சொன்னவரும் உண்டு. நானோ எரு போதவில்லை என்று முடிவு செய்து, மேலும் ஒரு வண்டி எரு இடச் செய்தேன். பயன் ஒன்றும் விளையவில்லை.

அந்நாளில் பள்ளிக்கு வந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போரான் குறைவு, ஐயா” என்றார். நான் விழிப்பதைக் கண்டு, “மருந்து உங்கள் ஊர் நகை ஆசாரியிடமே இருக்கிறது. வெண்காரந்தான் அது” என்று சொல்லிச் சிரித்தார்.

பொன்னைப் பற்றவைக்கும் பொடிக்கும் பப்பாளிக் காய்க்கும் என்ன உறவு? அன்று எழுந்த அந்த வினாவே என்னை நூலகத்துக்கு இழுத்துச் சென்றது.

வெண்காரத்துக்குப் பொரிகாரம் என்றும் ஒரு பெயர் உண்டு. நெருப்பில் இட்டால் அது பொரிந்து பொங்கும். மேலும் சூடேறினால் கண்ணாடிபோல் உருகும். உருகிய வெண்காரம் உலோகத்தின்மேல் படிந்துள்ள மாசைக் கரைத்துக்கொள்ளும். பற்றாசு ஓடிச் சேரவேண்டிய இடம் அதனால் தூய்மையாகிறது. இந்தக் காரணம்பற்றியே பொற்கொல்லர் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தனர். சித்த மருத்துவத்தாரும் அதனை அறிந்திருந்தனர். வடமொழியில் அதன் பெயர் டங்கணம்.

தென்னாட்டு மண்ணில் வெண்காரம் விளைவதில்லை. லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும், திபெத்திலுள்ள உப்பேரிகளின் கரைகளிலும் அது வெள்ளைப் படிவமாகக் கிடக்கும். அதனைச் சேகரித்துச் சிறு பைகளில் கட்டி, செம்மறியாடுகள், வெள்ளாடுகள் ஆகியவற்றின் முதுகில் ஏற்றி, இமயத்தின் கணவாய்கள் வழியே சமவெளிக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து அது கைமாறிக் கைமாறி நம் ஊர்ப் பட்டறைகளையும் ஐரோப்பியச் சந்தைகளையும் அடைந்தது. ஐரோப்பிய வணிகர் அதனைத் திங்கால் என்று அழைத்தனர்.

1777-ஆம் ஆண்டில் இத்தாலியின் டஸ்கனி நாட்டில், நிலத்திலிருந்து நீராவி பீறிட்டெழும் குட்டைகளின் நீரில் போரிக் அமிலம் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் தேவைக்கு அந்தக் குட்டைகளே பெரிதும் உதவின. 1808-இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவியும், பாரிஸில் கே-லுஸாக், தெனார் என்னும் இருவரும், ஏறக்குறைய ஒரே காலத்தில் போரிக் அமிலத்திலிருந்து ஒரு தனிமத்தைப் பிரித்தெடுத்தனர். போராக்ஸ் எனப்படும் வெண்காரத்திலிருந்து வந்தமையாலும், கார்பனைப் பெரிதும் ஒத்திருந்தமையாலும் அதற்குப் போரான் என்ற பெயர் நிலைத்தது. 1880-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலையிலிருந்து கோவேறு கழுதைகள் பூட்டிய பெருவண்டிகளில் வெண்காரம் ஏற்றிச் செல்லப்பட்டது. இன்று உலகின் போரான் கனிவளத்தில் பெரும்பகுதி துருக்கி நாட்டில் உள்ளது.

இதுகாறும் நாம் கண்டது பட்டறையின் வரலாறு; சந்தையின் வரலாறு. பயிரின் வரலாற்றுக்குள் போரான் நுழைந்தபோது அது நண்பனாக நுழையவில்லை, பகைவனாகவே நுழைந்தது.

முதல் உலகப்போர் 1914-இல் மூண்டது. அதுவரை உலகின் பயிர்களுக்கு வேண்டிய பொட்டாஷ் உரத்தை ஜெர்மனியே பெரும்பாலும் வழங்கிவந்தது. போரினால் அவ்வரவு நின்றது. அமெரிக்கர் தம் நாட்டிலேயே கலிபோர்னியாவிலுள்ள சேர்ல்ஸ் ஏரியின் உப்புப் படிவத்திலிருந்து பொட்டாஷ் எடுத்தனர். அந்த உப்பில் வெண்காரமும் கலந்திருந்தது. அதனை அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1919-ஆம் ஆண்டளவில் அவ்வுரம் இட்ட வயல்களில் உருளைக்கிழங்கும் பருத்தியும் புகையிலையும் வெளிறிக் குன்றின. காரணம் தேடியபோது குற்றவாளி வெண்காரமே என்று தெரிந்தது. பயிருக்குப் போரான் நஞ்சு என்ற எண்ணம் உழவரிடம் வேரூன்றியது.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்திலிருந்து அதற்கு நேர்மாறான செய்தி வந்தது. இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில், 1843-இல் தொடங்கப்பட்ட ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வினிபிரட் பிரெஞ்ச்லி என்னும் தாவரநூல் அறிஞரின் கீழ் காதரின் வாரிங்டன் என்னும் இளம்பெண் பணியாற்றினார். அவருடைய தந்தை இராபர்ட் வாரிங்டனும் முன்னர் அதே நிலையத்தில் மண்ணைப்பற்றி ஆராய்ந்தவரே.

அவரைக்காயைப்போன்ற அகன்ற மொச்சைச் செடியில் ஒரு வகைக் கரும்அசுவினி பற்றி அழித்துவந்தது. செடிக்குப் போரிக் அமிலம் கொடுத்தால் அப்பூச்சி விலகுமா என்று பார்ப்பதே ஆராய்ச்சியின் தொடக்கம். பூச்சி விலகியதாகத் தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. தூய ஊட்டக் கரைசலில், போரிக் அமிலம் சிறிதும் இல்லாமல் வளர்ந்த செடிகள் தொடக்கத்தில் நன்றாக இருந்து, பின்னர் குருத்து கருகி மாண்டன. சிறிதளவு போரிக் அமிலம் பெற்ற செடிகள் பூத்துக் காய்த்தன. வாரிங்டன் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. 1923-இல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். பிரான்சில் மாஸே என்பவர் 1915-இல் மக்காச்சோளத்தில் இதற்கான அறிகுறிகளைக் கண்டிருந்தார். எனினும் போரானின்றிச் செடி வாழாது என்பதை ஐயமற நிறுவிய பெருமை வாரிங்டனையே சாரும். பிரெஞ்ச்லியும் அவரும் பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட வேறு தனிமங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றுள் ஒன்றேனும் போரானின் இடத்தை நிரப்பவில்லை.

மாணவர்களே, இங்குச் சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். 1919-இல் நஞ்சு என்று தூற்றப்பட்ட பொருள் 1923-இல் உணவு என்று நிறுவப்பட்டது. இரண்டு கூற்றுகளும் மெய்யே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை நாம் அறிவோம். போரானைப் பொறுத்தவரை அப்பழமொழி பாதி உண்மையே கூறுகிறது. அளவுக்குக் குறைந்தாலும் சாவுதான். குறைவுக்கும் மிகைக்கும் இடையே உள்ள வரப்போ மிகவும் குறுகியது.

அதன்பின் உலகின் பல மூலைகளிலிருந்து சான்றுகள் வந்தன. ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கின் நெஞ்சு அழுகும் நோய்க்குக் கிருமி காரணமன்று, போரான் குறைவே காரணம் என்று 1931-இல் பிராண்டன்பர்க் என்பவர் காட்டினார். நியூசிலாந்தின் நெல்சன் பகுதியில் ஆப்பிளின் சதைக்குள்ளே தக்கைபோன்ற கட்டிகள் தோன்றிப் பழங்கள் வீணாயின. 1930-ஆம் ஆண்டுகளின் நடுவில், போரான் கொடுத்ததும் அக்குறை நீங்கியது. ஹவாய்த் தீவில் பப்பாளிப் பழத்தின் புடைப்புகளுக்கும் போரான் குறைவே காரணம் என்று 1975-இல் இரு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். எங்கள் பள்ளிக் காயில் நான் கண்டதும் அதே புடைப்பு. அதே பால் கசிவு.

மறுபுறச் சான்றும் உண்டு. தென் கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு, வாதுமை முதலிய மரங்களின் இலைகள் நுனி கருகி உதிர்ந்துகொண்டிருந்தன. பாசன நீரில் கலந்துள்ள போரானே அதற்குக் காரணம் என்று கெல்லி, பிரவுன் என்னும் இருவர் 1928-இல் காட்டினர். பத்து இலட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு போரான் இருந்தாலே எலுமிச்சை போன்ற மென்மையான மரங்கள் துன்புறும். கலிபோர்னியாவின் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

செடிக்குள் போரான் செய்யும் வேலைதான் என்ன? ஒரு சுவரை எண்ணிக்கொள்ளுங்கள். செங்கல் மட்டும் அடுக்கினால் சுவர் நிற்காது; இடையே காரை வேண்டும். செடியின் ஒவ்வொரு உயிரணுவையும் சூழ்ந்து ஒரு சுவர் உண்டு. பெக்டின் என்னும் பொருளின் இழைகள் அச்சுவரில் இருக்கின்றன. அந்த இழைகளை இரண்டிரண்டாகப் பிணைக்கும் கொக்கியே போரான். வாரிங்டன் கண்டறிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1996-இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தப் பிணைப்பு தெளிவாக நிறுவப்பட்டது. வாரிங்டன் அம்மையார் அப்போது இல்லை. 1993-இல், தம் தொண்ணூற்றாறாம் வயதையொட்டி, அவர் மறைந்தார்.

புதிய உயிரணுக்கள் பெருகும் இடங்களில் புதிய சுவர்கள் வேண்டும். குருத்து, வேர்நுனி, பூ, பிஞ்சு ஆகியவையே அவ்விடங்கள். மகரந்தத் தூள் சூலகமுடியில் விழுந்ததும் அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வளர்ந்து சூலை நோக்கிச் செல்கிறது. அக்குழாய் வளரவும் போரான் இன்றியமையாதது. குழாய் சென்று சேராவிடில் விதை உண்டாவதில்லை. விதை உள்ள பக்கம் சதை பருக்கும். விதை இல்லாத பக்கம் சுருங்கும். பழம் கோணிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் செடி தன் முதிர்ந்த இலையிலிருந்து அதை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பிவிடும். தாய் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டுவதைப்போன்றது அது. போரானை அவ்வாறு பெரும்பாலான செடிகளால் அனுப்ப இயலாது. ஆப்பிள் முதலிய சில மரங்களே அதற்கு விலக்கு. போரான் நீரோட்டத்தோடு வேரிலிருந்து மேலேறி, இலைக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே நேற்று வந்த போரான் இன்றைய பிஞ்சுக்கு உதவாது. சிறிது சிறிதாக, இடைவிடாமல், வளரும் காலமெல்லாம் அது வந்துகொண்டிருக்க வேண்டும். மண் காய்ந்தால் நீரோட்டம் தடைப்படும், போரானும் தடைப்படும். கோடையில் பிஞ்சாக இருந்த காய் கோணுவதும், மழைக்குப் பின் பிடித்த காய் ஓரளவு தேறுவதும் இதனாலேயே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1967-இல் நுண்ணூட்டங்களைப்பற்றிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. பல மாநிலங்களின் மண் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்ததில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மாதிரிகளில் போரான் குறைவு என்று தெரியவந்தது. தமிழ்நாட்டு மண்ணும் இதற்கு விலக்கன்று.

மேட்டூரில் காவிரி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணையும், 1955-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்குக் கரைக் கால்வாய்களும் இப்பகுதியின் வேளாண்மையை மாற்றியமைத்தன. நீர் வந்தது, ஆனால் மண் மாறவில்லை. சேலம், நாமக்கல் சமவெளிகளில் பரந்து கிடப்பது செம்மண். மணற்பாங்கான செம்மண்ணில் மழைநீர் போரானைக் கரைத்துக் கீழே இழுத்துச் சென்றுவிடும். சுக்கான்கல் கலந்த மண்ணிலோ நிலைமை வேறு. அங்கே சுண்ணாம்பின் காரத்தன்மை மிகுந்திருப்பதால், மண்ணிலுள்ள போரானைக் களித்துகள்கள் பற்றிக்கொண்டு வேருக்கு விடமாட்டா. ஓரிடத்தில் பொருள் இல்லாமையால் வறுமை. மற்றோரிடத்தில் பொருள் பூட்டிய பெட்டிக்குள் இருப்பதால் வறுமை. எங்கள் பள்ளித் தோட்டத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தன. நான் வண்டி வண்டியாக எரு இட்டும் அந்த ஆண்டு காய்கள் தேறாமற்போனதன் காரணம் இப்போது விளங்கும்.

அலுவலர் எங்களுக்குச் சொன்ன வழி எளியது. ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் போரிக் அமிலமும் 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் கரைத்து இலைகளில் தெளிக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் பப்பாளிக்கு நாலாவது மாதத்திலும் எட்டாவது மாதத்திலும் தெளிக்கச் சொல்லும் அளவும் இதுவே. மாணவர்கள் ஆய்வறைத் தராசில் நிறுத்துக் கரைத்துத் தெளித்தார்கள். ஏற்கெனவே கோணிய காய்கள் நேராகவில்லை, நேராகவும் மாட்டா. ஆனால் பின்னர்ப் பிடித்த காய்கள் வழுவழுப்பாகத் திரண்டன. நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அந்த மகிழ்ச்சியே என்னைத் தவறு செய்யத் தூண்டியது.

பப்பாளி வரிசைக்கு அப்பால் பன்னிரண்டு எலுமிச்சங் கன்றுகள் நின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விதையிலிருந்து முளைக்கவைத்து, இரண்டு ஆண்டுகள் கண்ணுங் கருத்துமாக வளர்த்த கன்றுகள் அவை. அவற்றின் இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தன. பப்பாளியைக் குணப்படுத்திய பெருமிதத்தில் இருந்த நான், இதுவும் போரான் குறைவே என்று கூறிவிட்டேன். நகை ஆசாரி ஒருவரிடம் வாங்கிய வெண்காரப் பொட்டலம் மீதமிருந்தது. “எவ்வளவு போட வேண்டும், ஐயா?” என்று அவன் கேட்டான். “கன்றுக்கு ஒரு கைப்பிடி போதும்” என்றேன். அவன் கை சிறியது என்று கருதி, நானே என் கையால் அள்ளிப் பாத்தி பாத்தியாக இட்டேன்.

சில வாரங்களில் முதிர்ந்த இலைகளின் நுனி மஞ்சளாயிற்று, பின்னர் விளிம்பு நெருப்புப் பட்டதுபோல் கருகியது, இலைகள் உதிர்ந்தன. வெண்காரம் கரைந்து இறங்கட்டும் என்று நீரை நிறையப் பாய்ச்சினோம். சாதாரண உப்பைக் கழுவுவதைவிடப் போரானைக் கழுவ மிகுந்த நீர் வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பன்னிரண்டு கன்றுகளில் ஒன்பது பட்டுப்போயின.

அம்மாணவன் அழவில்லை, என்னைக் குறைகூறவும் இல்லை. ஒருநாள் மாலை ஆய்வறையில் அவன் என்னிடம் வந்து, மீதமிருந்த வெண்காரத்தில் ஒரு கைப்பிடி அள்ளித் தரும்படி கேட்டான். கொடுத்தேன். தராசில் நிறுத்தான். 62 கிராம் இருந்தது. பிறகு மெல்லிய குரலில், “பப்பாளிக்கு ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்று நிறுத்துப் போட்டோமே, ஐயா. இதற்கு மட்டும் ஏன் நிறுக்கவில்லை?” என்று கேட்டான்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். போரான் குறைந்த நிலத்துக்கு மண்ணில் இடப் பரிந்துரைக்கும் அளவு ஹெக்டேருக்கு 10 கிலோ வெண்காரம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 1 கிராம். அக்கன்றுகளின் பாத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். தேவை இருந்திருந்தாலும் நான் இட்டது அறுபது மடங்கு! தேவையோ இல்லவே இல்லை. நரம்பு பச்சையாக நின்று இடையில் மஞ்சளாவது எலுமிச்சையில் துத்தநாகக் குறைவின் அடையாளம். சுக்கான் மண்ணில் அது மிகச் சாதாரணம். ஒன்றின் நோய்க்கு மற்றொன்றின் மருந்தைக் கொடுத்தேன். அதையும் அளவின்றிக் கொடுத்தேன். 1919-இல் அமெரிக்க வயல்களில் நடந்ததை எழுபது ஆண்டுகளுக்குப் பின் பள்ளித் தோட்டத்தில் நானே நடத்திக் காட்டினேன். கலிபோர்னிய எலுமிச்சையைப்பற்றி நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

அளவை அறிய வேண்டுமானால் மண்ணைச் சோதிக்க வேண்டும். இங்கே நம் சேலம், ஈரோட்டு வட்டாரத்துக்கு உரிய ஒரு பொருள் விஞ்ஞானத்துக்குத் துணைசெய்ய வருகிறது. அதுதான் மஞ்சள்!

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்தது. போரிக் அமிலத்தோடும் மஞ்சள் சிவக்கும். ஆனால் அது வேறு வகைச் சிவப்பு. மஞ்சள் சாற்றில் தோய்த்து உலர்த்திய தாளில், சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த வெண்காரக் கரைசலை இட்டு இளஞ்சூட்டில் உலர்த்தினால், தாள் செம்பழுப்பு நிறம் பெறும். சுண்ணாம்பினால் வந்த சிவப்பு அமிலம் பட்டதும் மஞ்சளாகிவிடும். இச்சிவப்போ அமிலத்தில் மாறுவதில்லை. அதன்மேல் ஒரு துளி காரம் விட்டால் கரும்பச்சையாக மாறும். அந்த ஆண்டு எங்கள் மாணவர்கள் இச்சோதனையை ஆய்வறையில் செய்து பார்த்தார்கள். நீங்களும் உங்கள் ஆசிரியர் முன்னிலையில் செய்து பார்க்கலாம்.

மண்ணிலுள்ள போரான் இத்தாளுக்கு எட்டாத அளவுக்கு மிகச் சிறியது. ஆயினும் தத்துவம் ஒன்றே. மண்ணை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால், செடிக்குக் கிடைக்கக்கூடிய போரான் அந்த நீரில் இறங்கும் என்று அமெரிக்காவில் பெர்கர், துரூக் என்னும் இருவர் 1939-இல் காட்டினர். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினை அந்நீரோடு சேர்த்து, தோன்றும் நிறத்தின் அடர்த்தியைக் கருவியால் அளந்து போரானைக் கணக்கிடும் முறை 1950-ஆம் ஆண்டுகளில் செம்மைப்பட்டது. இப்போது வேறு நிறப்பொருள்களும் வழக்கில் உள்ளன. இவ்வாறு அளக்கும்போது பத்து இலட்சம் பங்கு மண்ணில் அரைப் பங்குக்குக் குறைவாகப் போரான் இருந்தால் அம்மண் குறைவுடையது என்பது பொதுவான கணக்கு. ஓர் ஏக்கரில் ஆறு அங்குல ஆழத்து மேல்மண் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கிலோ எடை கொண்டது. அதில் அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு பொருளே ஒரு தோட்டத்தின் பழங்கள் திரளுமா கோணுமா என்பதை முடிவு செய்கிறது!

ஆகவே தோட்டம் வைத்திருப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. முதலாவது, மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்தபின்னரே போரான் இடுக. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சில இடங்களில் போரான் இயல்பாகவே மிகுந்திருக்கும். இரண்டாவது, சாம்பலை அள்ளிக் கொட்டுமுன் எண்ணிப் பார்க்க. மேட்டூரில் 1987 முதல் அனல் மின் நிலையம் இயங்குகிறது. நிலக்கரிச் சாம்பலில் போரானும் உண்டு. அதை மண்ணில் கலக்க விரும்புவோர் சோதனையின்றிக் கலத்தல் ஆகாது. மூன்றாவது, ஒரே தடவையில் மிகுதியாகக் கொடாமல், பூக்கும் பருவமும் பிஞ்சுப் பருவமும் அறிந்து சிறிது சிறிதாகக் கொடுக்க. கொய்யாவின் காய் வெடித்துக் கெட்டிப்பட்டால், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் லிட்டருக்கு 3 கிராம் வெண்காரம் தெளிப்பது பரிந்துரை. வாழைக்கு மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதங்களில் மற்ற நுண்ணூட்டங்களோடு லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம் சேர்த்துத் தெளிப்பர். நான்காவது, தொழு உரத்தை மறவாதீர். மட்கிய பொருள் போரானைத் தன்னுள் வைத்திருந்து மெல்ல மெல்ல வெளியிடும். மண்ணின் ஈரத்தையும் காக்கும். எங்கள் தோட்டத்தில் எரு தனியாக நின்று குறையைத் தீர்க்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் எரு இல்லாத மண்ணில் எந்த மருந்தும் நிலைக்காது.

அடுத்த ஆண்டு பப்பாளி விற்ற பணத்தில் எங்கள் பள்ளிக்கு நுண்ணோக்கி வந்தது. அதன் கீழ் மாணவர்கள் முதலில் வைத்துப் பார்த்தது பப்பாளிப் பூவின் மகரந்தத்தைத்தான். எஞ்சிய மூன்று எலுமிச்சைகளும் துத்தநாகம் தெளித்தபின் தேறி, பல ஆண்டுகள் காய்த்தன.

கன்றுகளை வளர்த்த அம்மாணவன் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். நட்ட நாள், ஊற்றிய குடங்கள், துளிர்த்த இலைகள் எல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கும். பள்ளியை விட்டுச் செல்லும்போது அதனை என்னிடம் கொடுத்துச் சென்றான். ஒரு பக்கத்தில், “ஐயா சொற்படி வெண்காரம், கன்றுக்கு ஒரு கைப்பிடி” என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே வேறு மையில், “நிறுத்தபோது 62 கிராம்” என்று எழுதியிருக்கிறது. பின்னர் நான் தலைமையாசிரியனாகி, ஓய்வு பெறும்வரையில், ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்குத் தராசைக் கையாளக் கற்பிக்கும் முதல் நாளில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவது என் வழக்கமாயிருந்தது. வாரிங்டன் அம்மையார் தம் செடிகளுக்குக் கொடுத்ததை ஒவ்வொரு முறையும் அளந்தே கொடுத்தார். அதனால்தான் நஞ்சென்று உலகம் ஒதுக்கிய பொருளில் உயிரூட்டம் இருப்பதை அவரால் காண முடிந்தது. நீங்களும் அளந்து கொடுங்கள். அளந்ததை எழுதி வையுங்கள்.